கலகத் தலைவர்

துணைவேந்தர் எழுந்து கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டபோது, மேடையின் திரைச்சீலை ஓரமாக நின்றிருந்த நாக்கு தனக்குள் சிரித்துக்கொண்டான்.

நாக்கு என்பது அலுவலகம் வைத்த பட்டப்பெயர். துணைவேந்தருக்கு உரை எழுதித் தருவது அவன் வேலை. வாய் அவருடையது, நாக்கு இவன்.

அந்த வாயைப் பற்றி அவனுக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. பட்டங்களை எழுதினால் பெயர்ப்பலகையில் இடம் போதாத மனிதருக்கு 'ழ' வராது. 'ல'தான் வரும்.

பதவியேற்ற அன்று, தானே எழுதிக்கொண்டு வந்த உரையை, "இந்தப் பல்கலைக் கலகத்தின் தலைவன் என்ற முறையில்" என்று கம்பீரமாக ஆரம்பித்தார். பின்வரிசை மாணவர்கள் விசிலடித்துக் கொண்டாடினார்கள். கலகத் தலைவர் என்ற பெயர் அன்றே நிலைத்துவிட்டது.

மறுநாளே நாக்கை வேலைக்கு எடுத்தார்கள்.

அதன் பிறகு அவர் உரையில் ஒரு 'ழ' கிடையாது. விழா, வைபவம் ஆயிற்று. மகிழ்ச்சி, சந்தோஷம் ஆயிற்று. பல்கலைக்கழகம் 'நம் கல்வி நிலையம்' ஆயிற்று. ஏழைகளே அவர் பேச்சில் இல்லை. வசதி குறைந்தவர்கள்தான் இருந்தார்கள். என்ன நாகரிகம் என்று பேராசிரியர்கள் உருகினார்கள். ஒருவர் 'துணைவேந்தரின் தனி நடை' என்று கட்டுரையே எழுதிப் பதவி உயர்வு வாங்கிவிட்டார்.

படித்த முட்டாள்கள் என்று நாக்கு நினைத்துக்கொள்வான். சொல்ல மாட்டான். வாயைத் திறந்து கெடுத்துக்கொள்கிற ஆள் இல்லை அவன்.

மக்கள் தொடர்பு அதிகாரி வேலை காலியானபோது, அது தனக்குத்தான் என்று இருந்தான். போன வாரம் துணைவேந்தர் அதைத் தன் மச்சினனுக்குக் கொடுத்தார். வந்த அன்றே அழைப்பிதழில் தேதியைத் தப்பாக அச்சடித்த மச்சினன்.

"அது நாலு பேருகிட்ட பேசுற வேலைய்யா. உனக்குச் சரிப்படாது," என்றார், டீயை உறிஞ்சிக்கொண்டே.

இன்றைக்குப் பொன்விழா. முதல் வரிசையில் வேந்தர் உட்கார்ந்திருக்கிறார். கலகத் தலைவருக்கு இன்னொரு முறை பதவி உண்டா இல்லையா என்பது அவர் கையில்.

நாக்கு இன்றைய உரையில் 'ழ'வை வாரி இறைத்திருந்தான். துணைவேந்தருக்கு முன்கூட்டிப் படித்துப் பார்க்கும் பழக்கம் இல்லை. அதை அவர் நம்பிக்கை என்பார். சோம்பேறித்தனம் என்பது நாக்கின் கட்சி.

காலையில் அவன் மனைவிதான் படித்துப் பார்த்தாள்.

"என்னங்க இது, மழை மாதிரி ஒரே ழகரமா கொட்டுது?"

"கொட்டட்டும். நனையப்போறது நானா?"

"பாவங்க அந்த மனுஷன்."

"பாவமாவது? நீயும் வந்து பாரு. கண்ணுக்கு விருந்து."

அவள் அவனை ஒரு கணம் கூடுதலாகப் பார்த்தாள். இப்போது மூன்றாவது வரிசையில், மடியில் கைப்பையோடு உட்கார்ந்திருக்கிறாள்.

துணைவேந்தர் தாளைப் பிரித்தார். கண்ணாடியைச் சரிசெய்தார்.

'வாழையடி வாழையாகத் தழைத்து வாழும் இப்பல்கலைக்கழகத்தின் எழுச்சிமிகு பொன்விழாப் பொழுதில்' என்று தொடங்கியது முதல் வரி.

அவர் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. நாக்குக்கு அடிவயிறு வரை தித்தித்தது.

பிறகு அவர் தலையை நிமிர்த்தித் திரைச்சீலைப் பக்கம் பார்த்தார். புன்னகைத்தார்.

"இத்தனை நாளும் நான் பேசினது என் பேச்சே இல்ல. எல்லாம் ஒருத்தர் எனக்குக் கொடுத்தது. இன்னைக்கு அவரே வந்து வாசிக்கட்டும்."

கைதட்டல் கூரையைப் பிளந்தது. மச்சினன் ஓடிவந்து நாக்கின் கையைப் பிடித்து இழுத்தான். "கூச்சப்படாதீங்கண்ணே!"

துணைவேந்தர் மைக்கை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, அவன் காதருகே குனிந்தார்.

"நாலு வருசமா பாக்குறேன். அந்த எலுத்து உனக்கும் வராதுன்னு எனக்குத் தெரியாதாய்யா? படி."

மூன்றாவது வரிசையில் அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

நாக்கு அசரவில்லை. மடையர், இதற்கெல்லாம் பயந்துவிடுவேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்!

பள்ளிக்கூடத்தில் பழத்தைப் 'பலம்' என்று சொல்லி, வகுப்பே உருண்டு சிரித்த நாளிலிருந்து அவன் அந்த எழுத்தைத் தாண்டித் தாண்டியே பிழைத்தவன். கடையில் ஆப்பிள் கேட்பான், திராட்சை கேட்பான், பழம் கேட்டதில்லை. யாரையும் ஏழு மணிக்கு வரச் சொன்னதில்லை. ஆறே முக்கால் என்பான், இல்லாவிட்டால் எட்டு. இவர் உரைக்கு அத்தனை மாற்றுச் சொற்கள் வேறு எங்கிருந்து வந்தனவாம்?

படிக்கும்போதே மாற்றிப் படித்துவிடலாம். வாழையடி வாழையாகவா? தலைமுறை தலைமுறையாக. தீர்ந்தது.

தொண்டையைச் செருமிக்கொண்டு மைக்கை நெருங்கினான்.

"ஒரு நிமிஷம்," என்றார் துணைவேந்தர் மைக்கில், வெகு தாராளமாக. "இவர இங்க யாருக்கும் தெரியாது. முதல்ல உங்க பேரச் சொல்லிடுங்க."

அரங்கம் காத்திருந்தது.

எல்லாச் சொல்லுக்கும் அவனிடம் ஒரு மாற்று உண்டு. நட்டநடுவில் அந்த எழுத்தை வைத்து, அப்பா ஆசை ஆசையாய்ச் சூட்டிய பெயருக்கு மட்டும் இல்லை.