நாற்பத்தேழாம் டோக்கன்

இன்னொரு பொன்னாடை.

காலையிலிருந்து இது பதினோராவது. எண்ணக் கூடாது என்றுதான் இருந்தாள். முடியவில்லை.

"பெருமதிப்பிற்கும் வணக்கத்திற்கும் உரிய..." என்று ஆரம்பித்தார் நாற்பத்தாறாம் டோக்கன்காரர். மேடையில் ஏழு பேர். ஏழு பேருக்கும் ஆளுக்கொரு அடைமொழி. ஐந்தாவது ஆளுக்கு வருவதற்குள் மணி அடித்துவிட்டார்கள்.

ஆளுக்கு மூன்று நிமிடம். கரண்டுக் கட்டணத்தை உயர்த்தலாமா என்று மக்களிடம் கருத்துக் கேட்கிறார்களாம்.

கேட்கிற லட்சணம்தான் தெரிகிறதே.

தனியார் பள்ளித் தாளாளர் ஒருவர் தன் பள்ளியின் தேர்ச்சி விகிதத்தைச் சொல்லி முடிப்பதற்குள் மணி. இன்னொருவர் வீட்டுவரியைப் பற்றி முழங்கினார். இது கரண்டுக் கூட்டம் என்று அவரிடம் சொல்ல ஒரு ஆள் இல்லை. கைத்தட்டல் வேறு.

பட்டப்பகலில் மண்டபம் முழுக்க விளக்கு. ஏசிக் குளிரில் புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். யார் அப்பன் வீட்டுக் கரண்டு!

அவள் கையில் நான்கு பக்கத் தாள். மாவு மில் சங்கச் செயலாளர் தங்கமாரி எழுதிக் கொடுத்தது. முதல் இரண்டு பக்கமும் வணக்கம்தான்.

"அதை மட்டும் விட்டுடாதீங்கக்கா. கோவிச்சுக்குவாங்க" என்று மூன்று தடவை சொல்லி அனுப்பியிருந்தான்.

அவளுக்குச் சொல்ல இருந்தது ஒன்றுதான்.

மிளகாய்ப் பொடியும் அரிசி மாவும் பாக்கெட்டில் வந்த பிறகு அவள் மில்லில் மோட்டார் ஓடுவது வாரத்தில் இரண்டே நாள். ஓடினாலும் ஓடாவிட்டாலும் நிலைக்கட்டணம் கட்டியாக வேண்டும். அதையும் ஏற்றினால் இணைப்பு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு மில்லைப் பூட்ட வேண்டியதுதான். புருஷன் போன பிறகு பதினான்கு வருடம் ஒற்றை ஆளாக ஓட்டிய மில்.

"நாப்பத்தேழு!"

மேடை ஏறினாள். தாளை நாலாக மடித்து இடுப்பில் செருகினாள்.

"என் மாவு மில்லு மோட்டாரு வாரத்துல அஞ்சு நாள் ஓடுறதே இல்ல. ஓடாத மோட்டாருக்கு எதுக்குங்க கட்டணம்? இதுக்கு மேலயும் ஏத்துனா மில்லைப் பூட்டிருவேன். அவ்ளோதான்."

அரை நிமிடம்கூட ஆகவில்லை.

மண்டபம் முழித்தது. யாரும் கை தட்டவில்லை. பொன்னாடைக்காகக் கழுத்தைத் தாழ்த்தி வைத்திருந்த நடு நாற்காலிக்காரர் மெல்ல நிமிர்ந்தார்.

"பதிவு பண்ணிக்கிட்டோம்மா."

அந்த ஒரு வார்த்தை அவளுக்குப் போதும். படி இறங்கும்போது பத்து நாள் பாரம் இறங்கினாற்போல் இருந்தது.

கீழே ஒரு மேசை. பேசி முடித்தவர்கள் அங்கே பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும்.

நாற்பத்தேழுக்கு நேரே அவள் பெயர். பக்கத்தில் ஒரு வரி.

'மேடையில் உள்ளோருக்கு வணக்கம் தெரிவித்துப் பேசினார்.'

மேலே பார்த்தாள். பேசினவர்கள் எல்லோருக்கும் அதே வரி.

கீழே பார்த்தாள். இன்னும் மேடையே ஏறாத நாற்பத்தெட்டு, நாற்பத்தொன்பது, ஐம்பது. பக்கத்தின் அடிவரைக்கும் அதே வரி. மை எப்போதோ காய்ந்திருந்தது.

"நான் வணக்கமே சொல்லலையே சார்."

"எல்லாருக்கும் பொதுவா எழுதுறதுதாம்மா. கையெழுத்தைப் போட்டுட்டு நகருங்க" என்றார் குமாஸ்தா, தலையைத் தூக்காமல்.

அட நாசமாய்ப் போக.

பேனாவை வாங்கினாள். அந்த வரியைக் குறுக்கே ஒரு கோடு போட்டு அடித்தாள். கையெழுத்துக் கட்டத்துக்குள் பொடி எழுத்தில் ஆரம்பித்தாள். என் மாவு மில் மோட்டார் வாரத்தில் ஐந்து நாள்...

கட்டம் நிறைந்துவிட்டது. ஓரத்து வெள்ளை இடத்துக்குத் தாவினாள்.

"ஐயையோ, என்னம்மா பண்றீங்க? ரிஜிஸ்டரும்மா அது! ஒரு கையெழுத்துப் போட எவ்ளோ நேரம்?"

அவள் நிமிரவில்லை. பேனாவும் நிற்கவில்லை.

"எனக்கு இன்னும் ரெண்டரை நிமிஷம் இருக்கு."