ஆறக் கூடாத புண்

தென்கரையில் வேலைநிறுத்தம் செய்தால் தூக்கு. அங்கிருந்து காலில் குண்டுக் காயத்தோடு தப்பி வந்த இருதயராஜைத் தீவு நகரம் இன்னும் திருப்பி அனுப்பவில்லை. நோயாளியை ஒப்படைக்கக் கூடாது என்பது தீவின் சட்டம். அவர் மணிக்கட்டில் பூட்டியிருந்த பட்டை, உடம்பின் நிலையைத் தினமும் இரண்டு அரசுகளுக்கும் சொல்லிவிடும்.

அதனால் அவர் மனைவி சூசையம்மாள் ஒன்பது மாதமாகத் தினமும் விடிந்ததும் அந்தப் புண்ணைக் கிளறி உப்பு வைத்தாள். அவர் துண்டைக் கடித்துக்கொண்டு சத்தம் காட்டாமல் கிடப்பார்.

அன்று புண்ணைப் பிரித்துப் பார்த்த டாக்டருக்கு முகம் மாறிவிட்டது.

"விஷம் ஏறிட்டிருக்கும்மா. இன்னைக்கே முழங்காலோட எடுத்தாகணும். இல்லன்னா ஆளு தங்கமாட்டாரு."

"எடுத்துட்டா?" என்று கேட்டாள் சூசையம்மாள்.

"ரெண்டே மாசத்துல நல்லாயிடுவாரு."

அவள் கணவரைத் திரும்பிப் பார்த்தாள். காய்ச்சலில் அவருக்கு உதடு நடுங்கியது.

"அவனுங்க கையில வேண்டாம் புள்ள. நான் இங்கனயே இருந்துக்கிடுதேன்."

டாக்டர் நீட்டிய தாளில், சிகிச்சை வேண்டாம் என்று அவள் கையெழுத்துப் போட்டாள். டாக்டர் போன பிறகு வெந்நீர் வைத்தாள். ஒன்பது மாதத்தில் முதல் முறையாக அந்தப் புண்ணைக் கழுவி, மருந்து தடவி, நோகாமல் கட்டினாள்.