மாற்றம் எதுவுமில்லை

பருவம் தொடங்கும்போது கழகத்தின் கருவி ஒவ்வொரு ஆஸ்திரேலியக் காற்பந்து வீரரின் ஞாபகத்தையும் கேள்விகள் கேட்டு அளந்து வைத்துக்கொள்ளும். பிறகு தலையில் அடிபட்டு அந்த அளவு குறைந்தால், ஆட்ட வாழ்க்கை அன்றோடு முடிந்தது.

“வேணுமெண்டே பிழையாச் சொல்லிப்போட்டன். மகளின்ட பேரே தெரியாதெண்டு சொன்னனான்,” என்று என் கணவர் துவாரகன் அன்று சிரித்தார். நானும் சிரித்தேன். எல்லா வீரர்களும் செய்வதுதானே.

இன்று மெல்பேர்ண் மைதானத்தில் அந்த ஆட்ட முறைப்படி பந்தைக் கையால் பிடிக்க உயர எழும்பியவரின் நெற்றிப்பொட்டில் எதிரணிக்காரனின் முழங்கால் இடித்தது. சோதித்த கருவி பச்சை விளக்கைக் காட்டியது. மாற்றம் எதுவுமில்லை, அடுத்த வாரம் ஆடலாம்.

உடைமாற்றும் அறை வாசலில் எங்கள் மகள் ஓடிப்போய் அவர் காலைக் கட்டிக்கொண்டாள். ரசிகர்களிடம் பேசும் அதே கனிவோடு அவர் குனிந்தார்.

“கையெழுத்தோ, பிள்ளை? என்ன பேருக்குப் போட?”