அத்தாயியின் சம்மதம்

“இந்தக் குப்பியில கொஞ்சம் எச்சில் துப்பணுமுங்க. உங்களுக்கு இஷ்டமிருந்தா மட்டும்” என்றாள், ஆராய்ச்சிக்காக மலைமேல் இருக்கும் குண்டூர் நாட்டுக் கிராமத்துக்கு வந்திருந்த சுகுணா.

வாசலில் மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்த அத்தாயிக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

“என்ற எச்சில் எதுக்கு கண்ணு?”

“மருந்து ஆராய்ச்சிக்குங்க. இதுவரைக்கும் கீழ்நாட்டுச் சனத்தையே வெச்சுப் பாத்துட்டோம். அந்த மருந்து மலைச்சனத்துக்கு ஒத்துக்குமான்னு தெரியலீங்க.”

“மாட்டேன்னு சொன்னா?”

“விட்டுருவோமுங்க. கோவிச்சுக்க மாட்டோம்.”

அத்தாயிக்கு இன்னும் குழம்பியது. கழுத்தில் தாலி ஏறிய அன்றுகூட அவளுடைய இஷ்டத்தை யாரும் கேட்டதில்லை.

“எனக்கு இஷ்டமில்ல.”

சுகுணாவின் முகம் வாடிப்போனது. “சரிங்க” என்று குப்பியை மூடினாள்.

அத்தாயிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“கொண்டா இங்க. மாட்டேன்னு சொன்னா எப்படித்தான் இருக்குதுன்னு ஒருக்கா சொல்லிப் பாத்தேன். ஆனா, பெத்தவகிட்டப் போயி யாரோ எவரோங்கிற மாதிரிக் கேக்கறயே?”

“எல்லார்கிட்டயும் இப்படித்தான் கேக்கணும்மா. அதுதான் சட்டம்.”

“இந்தச் சட்டம் அன்னிக்கே இருந்திருந்தா, நீ பொறந்தே இருக்க மாட்டே” என்றபடி குப்பியில் துப்பினாள் அத்தாயி.