வேம்புலி பார்த்தது

தாயம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெள்ளானூரில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போய் நான்கு நாளாகிவிட்டது.

புருஷன் வேம்புலி வேறொருத்தியை வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான் என்பது குற்றம். அவள் மட்டும் அதைப் பார்த்திருந்தால் பரவாயில்லை. அம்பத்தூர் டெண்டுக் கொட்டகையில் முதல் ஆட்டத்துக்கு வந்திருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள்.

இடைவேளையில், அடுத்து வரப்போகும் சிரிப்புப் படத்திலிருந்து ஒரு துண்டு போட்டார்கள். டிரெய்லர் என்று பெயராம். இரண்டே நிமிஷம். ஒரு பெண் ஈரப் புடவையோடு குளத்திலிருந்து ஏறி வருகிறாள். கரையில் ஒருவன் பார்க்கிறான். வாய் திறக்கிறது, தொண்டை ஏறி இறங்குகிறது. மறுபடியும் அவள். மறுபடியும் அவன். பளாரென்று ஓர் அறை. ஒரு குண்டு மனிதர் தண்ணீரில் விழுகிறார். உடனே, வயிறு வலிக்கச் சிரிக்க வாருங்கள் என்று எழுத்து.

பெண்கள் பக்கத்தில் முதலில் சிரித்தவள் தாயம்மாதான். இரண்டாவது தடவை அந்த முகம் வந்தபோதுதான் அது யார் என்று தெரிந்தது.

வேம்புலி எதையும் ஒளிக்கவில்லை. மூன்று மாதத்துக்கு முன் ஏரிக்கரையில் படம் பிடிக்க வந்தவர்கள், கும்பலில் நிற்க இருபது பேரைக் கூப்பிட்டார்கள். ஆவடி மிலிட்டரி கேம்பில் அந்த வாரம் மண் வேலை இல்லை. அதனால் போனான். ஆனால் அங்கே பெண் வாடையே இல்லை என்று குழந்தை தலைமேல் கை வைத்துச் சொன்னான்.

"இல்லாத பொண்ணைப் பாத்தா உனுக்கு அப்டி எச்சி ஊறுது?" என்று கேட்டுவிட்டுத்தான் தாயம்மா கிளம்பினாள்.

மறுநாள் வேம்புலி தானே கொட்டகைக்குப் போய் மணலில் உட்கார்ந்து பார்த்தான். அவன்தான். அவளைத்தான் பார்த்தான். பக்கத்திலிருந்தவன் முதுகில் தட்டி, "மாமே, பெரிய ஆளு நீ" என்றான். கிணற்றடியில் பெண்கள் அவனைக் கண்டதும் மாராப்பை இழுத்துவிட்டுக்கொண்டார்கள். நான்காம் நாள், ஒருவேளை அந்தப் பெண் அங்கே இருந்து தான்தான் மறந்துவிட்டோமோ என்று அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

ஐந்தாம் நாள் பிற்பகல், தாயம்மாவின் அண்ணன் அய்யாசாமி அவளைக் குழந்தையோடு கொட்டகைக்கு அழைத்து வந்தான். வேம்புலிக்கும் சொல்லி அனுப்பியிருந்தான். படம் ஓட்டும் ஆப்பரேட்டர் தசரதன் சொல்லட்டும். இவன் பார்த்தது நிஜமென்றால் தங்கச்சி இனி வெள்ளானூரிலேயே இருப்பாள் என்பது அவன் பேச்சு.

தசரதன் முதலில் அய்யாசாமியைப் பீடியை வெளியே போட்டுவிட்டு வரச் சொன்னார். படச்சுருள் பஞ்சுபோலப் பற்றிக்கொள்ளும். பிறகு டிரெய்லர் சுருளை உருவி வெயிலுக்கு நேரே பிடித்தார்.

"இத பாரும்மா. மேல உன் ஊட்டுக்காரரு. இந்த எடத்துல படம் மாறுது பாரு. கீழ அந்தப் பொண்ணு. அது எங்கியோ ஸ்டுடியோவுல எடுத்தது. கம்பெனில வெட்டிச் சேத்துட்டாங்க."

"இன்னாத்துக்கு?"

ரெண்டு நிமிஷத்தில் ஜனம் சிரிக்க வேண்டும், கதை சொல்ல நேரமில்லை என்றார் தசரதன். ஒரு பெண், ஒரு இளிச்ச மூஞ்சி, ஒரு அறை, ஒருவன் தண்ணீரில் விழவேண்டும். சிரிப்புப் படம் என்றால் எல்லாக் கம்பெனியும் இதைத்தான் செய்கிறது.

அய்யாசாமி யோசித்தான். "அப்போ இவனை அறைஞ்சது யாரு?"

"இவரை யாரும் அறையலியே."

"தண்ணில உழுந்தது?"

"அது வேற ஆளு. வேற எடம்."

அய்யாசாமி சுருளையும் மச்சானையும் மாறி மாறிப் பார்த்தான். "அப்போ இவன் யாரையும் பாக்கல?"

அங்கே நிறுத்தியிருந்தால் காரியம் முடிந்திருக்கும். தசரதன் தொழில் தெரிந்தவர். சுருளை இன்னொரு முறை கண்ணருகே வைத்துப் பார்த்தார்.

"எதையோ பாத்துக் கீறாரு. சும்மா நின்னா இந்த மூஞ்சி வராது."

தாயம்மா வேம்புலியின் பக்கம் திரும்பினாள். "இன்னாத்தைப் பாத்தே?"

"ஞாபகம் இல்ல."

"யாரை?"

அவன் குழந்தையை வாங்கக் கை நீட்டினான்.

"போதும்டி, வா" என்று அய்யாசாமி அவள் கையிலிருந்த குழந்தையை வாங்கிக்கொண்டு நடந்தான். தாயம்மாவும் இரண்டடி வைத்தாள்.

"சோத்தை" என்றான் வேம்புலி.

அவள் நின்றாள்.

கம்பெனி ஆள் ஒருவர் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக் கேமராவுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டாராம். கண்ணை எடுக்காமல் அதையே பார்க்க வேண்டும், சரியாகப் பார்த்தால் பொட்டலம் அவனுக்குத்தான் என்றாராம்.

"அன்னிக்கு ஊட்டுக்கு எடுத்தாந்தேனே, அதான். நீயும் புள்ளையும் துன்னீங்களே."

தாயம்மா திரும்பி வந்து தசரதனிடமிருந்து சுருளை வாங்கினாள். கீழே இருந்த பெண்ணைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு, மேலே இருந்த முகத்தை மட்டும் வெயிலுக்கு நேரே வெகுநேரம் பிடித்திருந்தாள்.

"அங்கியே துன்னுட்டு வந்தேன்னு சொன்னியே" என்றாள்.