மருமகனுக்கு ஆறு லைட்

"ஐயா, ஷவருக்கு மேல கண்ணாடி மூடின லைட்தான் போடணும். இது ஆவி பட்டா வெடிக்கும்."

கொட்டாஞ்சேனை எலெக்ட்ரீசியன் வின்சன்ற் ஏணியின் உச்சியில் நின்று இதைச் சொன்னபோது, பாத்ரூம் வாசலில் நின்ற சிவபாதசுந்தரம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிடிக்காத பேச்சு வந்தால் அவருக்குக் கண்ணாடியில் தூசி தெரியும்.

"ஏணியிலை ஏறுறவனிட்டை நான் புத்தி கேக்கிறேல்லை, வின்சன்ற். ஞாயிற்றுக்கிழமை லண்டனிலை இருந்து என்ரை மருமகன் வாறார். என்ஜினியர். அவர் பாத்தால் அவருக்கு விளங்கும்."

மருமகன் என்றது கொஞ்சம் முந்திவிட்டது. பெண் பார்க்கவே இனித்தான் வரவேண்டும். மகள் நேசமலருக்கு முப்பது முடியப்போகிறது. கிளாக்கர், வாத்தியார், புறக்கோட்டைக் கடைக்காரர் என்று வந்த மூன்று பேரையும் தகுதி போதாதென்று வாசலோடு அனுப்பியவர் சிவபாதசுந்தரம். சண்டையால் யாழ்ப்பாணப் பாதை பூட்டி எட்டு வருடம். கொழும்பு வெள்ளவத்தையில் பெண் வைத்திருந்த வீடுகளெல்லாம் லண்டனையும் கனடாவையும் பார்த்துக்கொண்டிருந்தன. இதையும் விட்டால் பிள்ளை வீட்டோடுதான் என்று மனைவி சரோஜினிதேவி ஒவ்வொரு முறை சோறு போடும்போதும் சொன்னார்.

வெளிநாட்டுக்காரர் முதலில் பாத்ரூமைப் பார்ப்பார்கள், பெண்ணைப் பிறகுதான் பார்ப்பார்கள் என்று தரகர் சொல்லிவிட்டுப் போனதில் வந்த வேலை இது. பாத்ரூம் நாலடிக்கு ஆறடி. லைட் ஆறு. எல்லாம் சீலிங்குக்குள் புதைக்கிற வகை. கொங்கிறீற்றுக்குள் எப்படிப் புதைப்பது என்று வின்சன்ற் கேட்டதற்கு, ஒன்றரை அடி இறக்கிப் பலகைச் சீலிங் அடிக்கச் சொன்னார். கடையில் அவன் கண்ணாடி மூடிய லைட்டை எடுத்து நீட்டியபோது, ஆஸ்பத்திரிக்கா வாங்குகிறோம் என்று கேட்டுவிட்டுப் பொன் விளிம்பு வைத்த திறந்த லைட்டைத் தெரிந்தெடுத்தார்.

ஒருவழியாக வேலை முடிந்தது. ஏணியை மட்டும் வின்சன்ற் கொண்டுபோகவில்லை. கொட்டாஞ்சேனையிலிருந்து அதோடு வந்தபோது ஐந்து சென்றியில் ஆமிக்காரர் மறித்து, எந்த மதிலில் ஏறப்போகிறாய் என்று ஐந்து தரம் கேட்டிருந்தார்கள். பின்பக்கத்தில் சாத்திவிட்டுக் கையை வீசிக்கொண்டு போனான்.

சனிக்கிழமை பொழுதுபட ஆறு லைட்டையும் போட்டுப் பார்த்தார்கள். விடிந்துவிட்டதென்று அடுத்த வளவுச் சேவல் கூவியது. கடற்கரைச் சென்றியிலிருந்து இரண்டு ஆமிக்காரர் ஓடிவந்து, ஜன்னல் வழியே கடலில் யாருக்குச் சிக்னல் கொடுக்கிறீர்கள் என்று சிங்களத்தில் விசாரித்தார்கள். சிவபாதசுந்தரம் பாத்ரூமைத் திறந்து காட்டினார். மூத்தவன் லைட்டுகளை எண்ணினான். இதற்குள் எத்தனை பேர் சேர்ந்து குளிக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டு, கண் கூச்சம் தாங்காமல் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு வெளியே வந்தான்.

"பாத்தியே, சலூட் அடிச்சுக்கொண்டு போறான்" என்றார் சிவபாதசுந்தரம் மனைவியிடம்.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை தாயோடு வந்தார். அந்த வெயிலிலும் கோட். அதைப் பார்த்ததும் சிவபாதசுந்தரத்துக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. என்ன என்ஜினியரிங் என்று கேட்டார். பலகாரம் நல்லாயிருக்கு என்றார் தாய்.

நேசமலர் தேத்தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். மாப்பிள்ளை ஒருதரம் நிமிர்ந்து பார்த்து, சிவந்து, கை கழுவவேண்டும் என்று பாத்ரூமுக்குள் போனார்.

ஐந்து நிமிடம் போயிற்று. பத்து நிமிடம் போயிற்று. தாய் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிவபாதசுந்தரம் மட்டும் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, படித்த மனிசனுக்குத்தான் தரம் தெரியும், வின்சன்ற் இதை வந்து பார்க்கவேண்டும் என்று மனைவியின் காதுக்குள் சொன்னார்.

இருபதாவது நிமிடம் நேசமலர் எழுந்து போய்ப் பார்த்தாள். அவள் திரும்பி வராததால் சிவபாதசுந்தரமும் போனார்.

கதவு திறந்திருந்தது. கோட் துவாய்க் கம்பியில் தொங்கியது. மாப்பிள்ளை வாளியைக் கவிழ்த்து வைத்து அதன்மேல் நின்றார். ஷவருக்கு மேலே இருந்த லைட் வயரோடு கீழே இறங்கியிருந்தது. அவர் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவர் இந்த வீட்டுச் சாமான் அல்ல.

"அங்கிள், ஷவருக்கு மேலை கண்ணாடி மூடின லைட்தான் போடவேணும். இது ஆவி பட்டால் வெடிக்கும்" என்றார் மாப்பிள்ளை. "லண்டனிலை ஒரு நாளைக்கு மூண்டு பாத்ரூமுக்கு லைட் பூட்டுறனான், எனக்குத் தெரியும்."

சிவபாதசுந்தரம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"துடைச்சது போதும், அப்பா" என்றாள் வாளியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்த நேசமலர். "இவர் விழப்போறார், பின்பக்கத்திலை நிக்கிற ஏணியைக் கெதியாய்த் தூக்கிக்கொண்டு வாங்கோ."