கசக்குது

"பேசாம பேப்பரை எங்கிட்ட குடுத்துடுடா. நான் படிச்சுடறேன்," என்றான் மாப்பிள்ளைத் தோழன் ஷிமோன்.

"பே... பேசாம இருக்கறதைத்தானே இருபத்தொன்பது வருஷமா செ... செய்யறேன்," என்றான் லெஷெக். "இன்னைக்கு நானே பேசறேன்."

லெஷெக்குக்குத் திக்குவாய். கடையில் ரொட்டி கேட்பதிலிருந்து, வேலைக்கு மனுப்போட்ட இடத்தில் "பையன் நல்லா உழைப்பான்" என்று சொன்னதுவரை எல்லாம் அவன் அம்மா ஹலீனாதான். யகோதாவைப் பெண் கேட்கப் போன அன்றுகூட பாதி வாக்கியத்தை அம்மாதான் முடித்துவைத்தாள். இன்றைக்கு, தன் கல்யாணத்தில், நூற்றைம்பது பேர் முன்னால் அந்த அம்மாவுக்குத் தன் வாயாலேயே நன்றி சொல்லிவிட வேண்டும். மூன்று மாதமாகக் கண்ணாடி முன்னால் நின்று பழகியிருந்தான். ஆனால் கண்ணாடி சிரிக்காது. பெண்வீட்டார் சிரிப்பார்கள்.

தார்னோ நகரத்துக்குப் பக்கத்தில் இருந்த அந்தச் சின்ன ஊருக்குத் தீயணைப்பு நிலையம்தான் கல்யாண மண்டபம். தீயணைப்பு வண்டியை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே மேஜைகளைப் போட்டிருந்தார்கள். மேடையில் அக்கார்டியனோடு மீரெக். எங்கிருந்தோ மாமனார் பிடித்து வந்த பாட்டுக்காரர். ஆள் ஒரு தினுசு. சூப் வருவதைப் பாட்டாகச் சொன்னார். கேக் வெட்ட நேரமிருக்கிறது என்பதையும் பாடினார். வாசலை அடைத்து நின்ற வெள்ளை வேனை எடுக்கச் சொன்னதைக்கூட, வண்டி எண்ணோடு சேர்த்து, ராகம் போட்டுப் பாடினார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

"மூச்சு விடறதைக்கூட பாட்டாத்தான் விடுவாரு போல," என்றான் ஷிமோன்.

லெஷெக் எழுந்தான். கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டான். யகோதாவும் அவன் முழங்கையைப் பிடித்தபடி கூடவே எழுந்து நின்றாள்.

"வந்திருக்கிற எல்லாருக்கும்..." வரை ஒழுங்காக வந்தது. அடுத்தது 'நன்றி'. மூன்று மாதமாக மக்கர் செய்த வார்த்தை. தாடை இறுகத் தொடங்கியது.

அந்த நொடியில் அக்கார்டியன் பிளிறியது. "கசக்குது, கசக்குது" என்று மீரெக் பாட, மண்டபமே சேர்ந்துகொண்டது. அவர்கள் ஊர்க் கல்யாணங்களில் அந்தப் பாட்டு கிளம்பினால் வோட்கா கசக்கிறது என்று அர்த்தம். மணமக்கள் முத்தமிட்டுத்தான் அதை இனிக்கவைக்க வேண்டும். லெஷெக் யகோதாவை முத்தமிட்டான். கைதட்டல் அடங்கியதும் மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பினான்.

"நன்றி," என்றான். வழுக்கிக்கொண்டு வந்தது.

மாமனாருக்கு நன்றி சொல்ல வாயைத் திறந்தான். மறுபடியும் "கசக்குது, கசக்குது." ஷிமோனின் பெயர் தொண்டைவரை வந்தது. மறுபடியும் அதே பாட்டு.

"எ... என்னை வெச்சு விளையாடறான் அந்தாளு," என்று யகோதாவின் காதருகே பல்லைக் கடித்தான்.

"முதல்ல முத்தத்தைக் குடு. கோபத்தை அப்புறம் பார்த்துக்கலாம்."

"மாப்பிள்ளையைப் பேச விடுங்கய்யா," என்று யாரோ குரல் கொடுத்தார்கள்.

"அவனுக்குப் பேச்சா முக்கியம்?" என்று இன்னொரு மேஜையிலிருந்து பதில் வர, மறுபடி சிரிப்பு.

கடைசியில் அம்மா. லெஷெக் அவள் பக்கம் திரும்பினான். மகனுக்கு வார்த்தை வராவிட்டால் எடுத்துக்கொடுக்கப் பழகிப்போன அவள் உதடுகள் இப்போதே அசைந்துகொண்டிருந்தன. அவனுக்கு 'அ' என்ற எழுத்து தொண்டையில் கல்லாக உட்காரப் பார்த்தது. இந்த முறை மீரெக் மெல்லத்தான் ஆரம்பித்தார். ஆனாலும் நூற்றைம்பது பேரும் பாடி முடித்தார்கள். யகோதா நீளமாக ஒரு முத்தம் கொடுத்துவிட்டு, "இப்போ சொல்லு," என்றாள்.

"அம்மா, இத்தனை வருஷம் எனக்காக நீ பேசின. நன்றிம்மா. இனிமே ரொட்டியை நானே கேட்டு வாங்கிக்கறேன்."

ஹலீனா மேஜை விரிப்பின் நுனியை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். லெஷெக் அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தான். நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்ததுபோல் இருந்தது.

"மாப்பிள்ளைக்குத் திக்குவாய்னு எவன் சொன்னான்?" என்று யகோதாவின் பெரியப்பா பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். "அந்தப் பாட்டுக்காரன் மட்டும் நடுவுல நுழையாம இருந்தா பையன் கடகடன்னு முடிச்சிருப்பான்."

லெஷெக் அதைக் கேட்டான். பாட்டு வந்த நேரங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தான். பிறகு ஒரு வோட்கா பாட்டிலையும் இரண்டு சின்னக் கோப்பைகளையும் எடுத்துக்கொண்டு மேடைக்குப் பின்னால் போனான்.

கோட்டுகள் மாட்டியிருந்த மூலையில் மீரெக் தனியாக உட்கார்ந்து சூப் குடித்துக்கொண்டிருந்தார்.

"உங்க மேல கோ... கோபமாத்தான் இருந்தேன்," என்றான் லெஷெக். "ஆனா நான் திக்கறதுக்கு ஒரு நொடி முன்னாடியே பாட்டை எடுத்தீங்க. ஒரு தடவைகூட தப்பலை. எ... எப்படித் தெரிஞ்சுது உங்களுக்கு?"

மீரெக் கரண்டியைக் கீழே வைத்தார். வாயைத் திறந்தார். எதுவும் வரவில்லை. கண்கள் இறுக மூடின. தாடை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நின்றது.

"எ... எ... எ..."

அந்தத் தாடையை லெஷெக் மூன்று மாதமாகக் கண்ணாடியில் பார்த்திருக்கிறான். பாட்டிலைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து, அவர் காதுக்கு மட்டும் கேட்கும்படி பாடினான்: "கசக்குது, கசக்குது."

மீரெக்கின் முகம் இளகியது.

"என் கல்யாணத்துல," என்றார், "பாட யாருமில்லை, தம்பி."